தொலைக்காட்சி ஏன் இயங்கவில்லை?

வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் ஆகும். தட்டைத்திரைத் தொலைக்காட்சியின் உட்சுற்றுகளுக்கோ 5 வோல்ட், 12 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தமுடைய நேர்திசை மின்னோட்டமே தேவை. இம்மாற்றத்தைச் செய்வது மின்வழங்கிப் பலகை.

தொலைக்காட்சி இயங்காதபோது, அதன் முகப்பிலுள்ள சிறு விளக்கை முதலில் நோக்க வேண்டும். அது எரியவில்லையெனில், அதே மின் இணைப்பில் வேறொரு கருவியைப் பொருத்திப் பார்க்கலாம். அக்கருவி இயங்கினால், பழுது தொலைக்காட்சியின் மின்கம்பியிலோ, உருகியிலோ, மின்வழங்கிப் பலகையிலோ இருக்கக்கூடும்.

படம் தோன்றாமல் விளக்கு மட்டும் மீண்டும் மீண்டும் சிமிட்டினால், பலகையிலுள்ள மின்தேக்கிகள் பழுதுற்றிருக்கலாம். வெப்பத்தால் நாளடைவில் அவற்றின் மேற்புறம் உப்பிவிடுவதுண்டு.

எல்.இ.டி. தொலைக்காட்சியில் ஒலி கேட்டும் திரை இருண்டிருந்தால், அறையை இருட்டாக்கிக் கைவிளக்கைத் திரையருகே பிடித்துப் பார்க்க வேண்டும். படம் மங்கலாகத் தெரிந்தால், பழுது பின்னொளியிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோ உள்ளது எனக் கருதலாம்.

ஆயினும், பின்மூடியை மாணவர் திறத்தல் கூடாது. செருகியை எடுத்த பின்னரும், பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கே ஊறு விளைவிக்கும். ஆதலால், கண்ட அறிகுறிகளைக் குறித்துவைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கூறுவதே அறிவுடைமை. அறிகுறி தெளிவாயின், அவர் பணியும் எளிதாகும்.