நாவின் சாட்சியும் தடயத்தின் சாட்சியும்

மயிலாப்பூர்ப் பகுதியில், மெரீனாவை ஒட்டிய காமராஜர் சாலையில் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் தலைமை அலுவலகம் இருக்கிறது. கடற்கரைக்கு நடைப்பயிற்சிக்காகச் செல்பவர்களில் பலரும் அதைக் கவனிப்பதில்லை. அதன் வேர் 1849-ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தில் இருக்கிறது. நஞ்சு கொடுத்துக் கொன்றால் எவருக்கும் தெரியாது என்றிருந்த காலத்தில், இறந்தவரின் இரைப்பையையே சாட்சியாக்கும் முயற்சி அது.

இத்துறை ஏன் தேவை என்பதற்குச் சென்னையில் எட்டு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரு கொலைகளே போதுமான விளக்கம்.

முதலாவது, லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. திரைத்துறையினரின் அந்தரங்கங்களை எழுதி வந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அன்றைய தமிழ்த் திரையுலகின் உச்சத்தில் இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். வழக்கு பெரிதும் அப்ரூவராக மாறிய ஒருவரின் வாக்குமூலத்தையும், சாட்சிகளின் சொற்களையும் சார்ந்திருந்தது. 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று மீண்டும் சென்னைக்கே திரும்பிய வழக்கில், 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஆனால், சிறை சென்ற பாகவதரின் புகழ் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. லட்சுமிகாந்தனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கும் இன்றுவரை விடையில்லை.

இரண்டாவது, ஆளவந்தார் கொலை வழக்கு. பாரிமுனைப் பகுதியில் பேனா விற்பனை செய்துவந்த ஆளவந்தார், 1952 ஆகஸ்ட் இறுதியில் காணாமல்போனார். எழும்பூரிலிருந்து புறப்பட்ட போட் மெயில் ரயிலில், மானாமதுரையில் ஒரு டிரங்குப் பெட்டி சந்தேகத்துக்கு உள்ளானது. திறந்தால், தலையற்ற உடல். தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இடையே சுமார் ஐந்நூறு கிலோ மீட்டர்.

இங்கே நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. இறந்தவர் யார் என்பதே முதல் கேள்வி. சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர்கள், தலையும் உடலும் ஒருவருடையவையே என்று உறுதி செய்தனர். கழுத்தெலும்பின் வெட்டுமுகம் பொருந்துகிறதா, எலும்பு முனைகள் எந்த அளவுக்கு இணைந்துள்ளன, மண்டையோட்டின் பொருத்துவாய்கள் வயதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே இத்தகைய ஆய்வின் முறை. பம்பாய்க்குச் சென்றுவிட்ட இராயபுரம் தம்பதியர் பிடிபட்டனர். 1953 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கணவருக்கு ஏழு ஆண்டுகளும் மனைவிக்கு மூன்று ஆண்டுகளும் சிறைத் தண்டனை விதித்தது. இறந்தவர் யார் என்பதை அறிவியல் சொன்னது. ஏன் கொல்லப்பட்டார், அதற்குத் தண்டனை எவ்வளவு என்பதை மனிதர்களே எடைபோட்டனர். அந்த எல்லை சரியானதே.

தடய அறிவியல் என்றால் குற்றவாளியைப் பிடிக்கும் கருவி என்று மட்டுமே எண்ணுகிறோம். நான் அதைக் குற்றமற்றவரின் காவல் என்றே சொல்வேன். நாவை அச்சுறுத்தலாம், விலைக்கு வாங்கலாம், நினைவும் பிழைபடலாம். ரத்தக்கறைக்கு ஆசையும் அச்சமும் இல்லை. ஆனால், அதைச் சேகரிப்பவருக்கும் ஆராய்பவருக்கும் அவை உண்டு. அதனால்தான் நீதிமன்றம் நிபுணரின் அறிக்கையையும் ஒரு கருத்தாக ஏற்று, அவரையும் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துகிறது.

இந்தியாவுக்கு இத்துறை புதிதன்று. 1897-இல் கொல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. லண்டன் ஸ்காட்லாந்து யார்டு அத்தகைய பிரிவை அமைத்தது அதன் பிறகு, 1901-இல்தான். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய துணியையும் கம்பியையும் கொண்டு, வெடிகுண்டு இடுப்புப் பட்டையாக அணியப்பட்டிருந்தது என்பதை நிறுவியவர், நம் தடய அறிவியல் துறையின் அன்றைய இயக்குநர் பி. சந்திரசேகரன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. அதற்கென மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசமும் தந்திருக்கிறது. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு எழும் கேள்வி எளியது: சட்டம் உருவாக்கிய தேவைக்கு ஈடாக நிபுணர்களும் ஆய்வகங்களும் பெருகுவார்களா? வாக்குமூலம் செலவில்லாதது, தடயத்துக்குப் பணமும் பயிற்சியும் காலமும் தேவை. ஆய்வறிக்கை தாமதமானால், காவல் துறை மலிவான வழிக்கே திரும்பும். விசாரணைக் கைதியோ சிறையில் காத்திருப்பார்.

தடயத்துக்குச் செலவிட மறுக்கும் அரசு, அந்தச் செலவை மிச்சப்படுத்துவதில்லை. அதைக் குற்றமற்ற யாரோ ஒருவரின் வாழ்நாள் கணக்கில் எழுதிவிடுகிறது. பாகவதர் அந்தக் கணக்கைத் தீர்த்தவர்களில் ஒருவர். அவருக்காகப் பிரிவி கவுன்சில் வரை வாதாட வழக்கறிஞர்கள் இருந்தனர். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.