தலைவாஸுக்கு ஒரு கவாத்து!

கம்பம் பள்ளத்தாக்கு டீக்கடைகளில் கபடிப் பேச்சு எடுத்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: ''தமிழ் தலைவாஸ் எப்பண்ணே உருப்படும்?''

புரோ கபடியில் 2017 முதல் 2025 வரை எட்டு சீசன் ஆடிவிட்டார்கள். பிளே-ஆஃப் பக்கம் தலை காட்டியது ஒரே தடவை... 2022-ல்! அந்தக் கதைதான் வேடிக்கை. பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்தார்கள். மனுஷன் முதல் மேட்ச்சிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'சோலி முடிஞ்சது' என்று ஊரே கை கழுவியபோது, நரேந்தர் என்ற புதுமுகம் 243 ரெய்டு பாயின்ட்களை அள்ளினார்! அரையிறுதியில் புனேயிடம் 37-39... ரெண்டே பாயின்ட்டில் போச்சு.

அப்புறமாவது புரிந்ததா? 2024-ல் சச்சினுக்கு 2.15 கோடி. 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.40 கோடிக்கு மேல். ரெண்டு வருஷமும் பிளே-ஆஃப் அம்பேல்!

எங்க ஊர்ல திராட்சை அறுத்ததும் கவாத்து பண்ணுவாங்க. பழைய கிளையைக் கழித்துவிட்டு, புதுத் துளிருக்குத் தண்ணி காட்டுவாங்க. சந்தையில் பழம் வாங்கிவந்து கொடியில் கட்டித் தொங்கவிட மாட்டாங்க!

பொங்கலுக்கு ஊருக்கு ஊர் கபடி நடக்குது. அடுத்த ஏலத்துக்கு முன்னாடி ஒரு நடை வந்து அந்தப் பையன்களையும் பாருங்கப்பா!