ஏரி தந்த சொற்கள்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் மார்க்கமாகப் பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்பவர்கள், பட்டுச் சேலைக் கடைகளின் விளம்பரப் பலகைகள் கண்ணை விட்டு மறைந்த சிறிது நேரத்துக்கெல்லாம், சாலையை ஒட்டினாற்போல் நீண்டு கிடக்கும் ஒரு மண்கரையைக் காண்பார்கள். அது தாமல் ஏரியின் கரை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்துவிட்ட வருஷமானால் அக்கரைக்கு அப்பால் ஜலம் ததும்பி நிற்கும்; மழை பொய்த்த வருஷமானால் வெடித்த வண்டல் மண்ணில் ஆடுமாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

தாமலில் கோயில் கொண்டிருக்கும் பெருமாளுக்குத் தாமோதரன் என்பது திருநாமம். தாமம் என்றால் கயிறு. உதரம் என்றால் வயிறு. யசோதை உரலோடு பிணைத்த கயிற்றைத் தன் வயிற்றில் தாங்கிய குழந்தையின் பெயர் அது. ஊரின் பெயரையும் இதிலிருந்தே வருவித்துச் சொல்வதுண்டு. எப்படியாயினும் ஊர் பழையது. தொண்டை மண்டலத்தைப் பூர்வத்தில் இருபத்துநான்கு கோட்டங்களாக வகுத்திருந்த காலத்தில் அவற்றுள் ஒரு கோட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊர். ஆனால் ஊர்ப்பெயரைக் காட்டிலும் அதிக ஆச்சரியம் தரும் சொற்கள் அந்த ஏரிக்கரையில் இருக்கின்றன. நாம் அன்றாடம் காதில் வாங்கி விட்டுவிடும் அவற்றில் சில கடல் கடந்து ஆங்கில அகராதிக்குள் போயிருக்கின்றன. சில, பிறந்த இடத்தை மறந்து நம் வீட்டு மின்சார ரசீதில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் அணைக்கட்டு. சென்னை மாகாணத்தில் நீர்ப்பாசன வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் இச்சொல்லுக்கு ஈடாகத் தங்கள் பாஷையில் ஒன்றைத் தேடிக்கொண்டிராமல், 'அனிகட்' என்று அதையே எடுத்துக்கொண்டார்கள். கல்லணைக்கு அவர்கள் இட்ட பெயர் 'கிராண்ட் அனிகட்'. 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கிய ஆர்தர் காட்டன், ஆழம் காணமுடியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம்மவர் கட்டிய பழைய அணையிலிருந்தே கற்றுக்கொண்டதாக மனந்திறந்து ஒப்புக்கொண்டவர். பெரும் பாறைகளை மணல்மேல் இட்டால், ஓடும் நீர் அவற்றின் அடியை அரிக்க அரிக்கப் பாறைகள் தாமே இறங்கும். மேலே மேலே பாறைகளை இட்டுக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் அவை அசையாமல் நின்றுவிடும். அப்படி நின்ற பாறைகளின்மேல் எழுந்ததே அணை. சொல்லும் வித்தையும் சேர்ந்தே அவருடைய தேசத்தாரிடம் போயின.

அணைக்கட்டாவது பெரிய சொல், பலருக்கும் தெரிந்தது. கலிங்கு என்பதை இன்று நகரத்தில் எத்தனை பேர் அறிவார்கள்? ஹென்றி யூலும் தஞ்சைப் பக்கத்தில் நீதிபதியாக இருந்த பர்னலும் சேர்ந்து தொகுத்து 1886-ல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்ற ஆங்கிலோ-இந்திய அகராதியில் அந்தச் சொல்லும் இடம் பெற்றிருக்கிறது. ஏரி நிரம்பிக் கரையை உடைத்துவிடாதபடி மிகுதி ஜலம் வழிந்தோடுவதற்காகக் கரையின் ஒரு பக்கத்தில் கல்லால் கட்டிய தாழ்ந்த வாசலே கலிங்கு. வழிந்த நீர் வீணாவதில்லை. ஒரு கால்வாய் அதை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும், அதன் மிகுதி அதற்கடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஒன்றன் கலிங்கு மற்றொன்றின் வரத்தாக அமைந்த ஏரிச் சங்கிலிகளே இந்தச் சீமை முழுவதும் பரந்து கிடக்கின்றன. பழைய கலிங்குகள் பலவற்றின் தளத்தில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பதைக் காணலாம். அவை அலங்காரத்துக்காக நட்டவை அல்ல. பெருமழைக் காலம் கடந்து வெள்ள அபாயம் நீங்கியபின், அக்கற்களின் இடைவெளிகளில் வைக்கோலும் புல்லும் களிமண்ணும் இட்டு அடைத்து, மேலும் ஓரிரண்டு அடி ஜலத்தைத் தேக்கிக்கொள்வார்கள். திடீரென்று வெள்ளம் வந்தால் அந்த அடைப்பை எடுத்துவிட்டால் போதும். இரும்பும் இயந்திரமும் இல்லாமல், பருவத்துக்குத் தக்கபடி ஏரியின் கொள்ளளவையே கூட்டவும் குறைக்கவும் அறிந்திருந்த அந்தப் புத்தியை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்க்கிறது.

இதற்குச் சற்றும் குறையாதது குமிழித் தூம்பு. தூம்பு என்பது நீர் வெளியேறும் குழாய் போன்ற வழி. பாண்டிய நாட்டிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் பழைய ஏரிகளுக்குள்ளே இரண்டு கல்தூண்கள் தனியே நிற்பதைப் பார்த்துச் சிதைந்த மண்டபமென்று எண்ணிவிடுகிறவர்கள் உண்டு; அது தூம்பின் சட்டம். அதன் அடியில், பாசன நீர் போவதற்கு மேலே ஒரு பெரிய துளையும், சேறு போவதற்குத் தரைமட்டத்தில் சிறு துளைகளும் இருக்கும். முன்னதற்கு நீரோடி என்றும் பின்னதற்குச் சேறோடி என்றும் பெயர். கம்பியோடு பிணைத்த கல்மூடியை மேலே தூக்கியதும் ஜலம் சுழன்று குமிழியிட்டுக்கொண்டு இறங்கும். குமிழித் தூம்பு என்ற பெயர் அந்தக் குமிழிகளால் வந்தது. அப்படி இறங்கும் வேகத்தில் ஏரியடியின் வண்டலும் கலங்கி வயலுக்கு எருவாகப் போய்விடும். ஆகவே ஏரி தூர்ந்துபோவது தடைப்பட்டது. வயலும் வளம் பெற்றது. நீரோடி, சேறோடி என்ற இரண்டு பெயர்களைக் கேட்டாலே போதும், வேலை இன்னதென்று விளங்கிவிடுகிறது.

இனி மின்சார ரசீதுக்கு வருவோம். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள் உள்ளன. குடவோலை முறைக்காகப் பெயர் பெற்ற அவற்றில், ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுக்களுக்கு வாரியம் என்று பெயர். அவற்றுள் ஆறு பேர் கொண்டது ஏரி வாரியம்; வைரமேக தடாகம் என்று வழங்கிய அவ்வூர்ப் பெரிய ஏரியைப் பரிபாலிக்கும் பொறுப்பு அக்குழுவுக்குரியது. இன்று மின்வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று நாம் வழங்கும் சொல்லுக்கு அந்தச் சுவரில் ஆயிரத்து நூறு வருஷத்து முன்னுதாரணம் இருக்கிறது.

மராமத்து நம் சொல்லல்ல; அரபியில் பிறந்து பாரசீகத்தின் வழியே வந்தது. அதற்குமுன் குடி என்ற தமிழ்ச் சொல்லைச் சேர்த்துக் குடிமராமத்து என்று ஊரார் கூடிச் செய்யும் ஏரி வேலைக்குப் பெயராக்கிக்கொண்டோம். அவ்வேலையைச் செய்யும்படி கட்டாயப்படுத்த 1858-ல் சட்டமே இயற்றினார்கள்.

ஏரிக்கு ஆங்கிலேயர் இங்கே வழங்கிய 'டாங்க்' என்ற சொல்லின் கதையோ மிக விசித்திரமானது. குஜராத்தி முதலிய பாஷைகளில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொல்லும், போர்ச்சுகீசியரின் 'டாங்க்கே' என்ற சொல்லும் கலந்து ஆங்கிலத்தில் குடியேறியது அது என்பர். முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் இரும்புக் கவசமிட்ட புதிய யுத்த வண்டியொன்றை மிக ரகசியமாகச் செய்தபோது, எதிரியின் ஒற்றர்கள் அறியாதிருக்கும் பொருட்டு, அது தண்ணீர்த் தொட்டி என்று பொய்ப்பெயர் பரப்பினார்கள். 1916 செப்டம்பரில் பிரான்ஸில் ஸோம் போர்க்களத்தில் அது முதன்முதலாக உருண்டு வந்தபோதும் அந்தப் பெயர் அதை விட்டு நீங்கவில்லை. நெல்லுக்கு நீர் காத்த ஏரியைக் குறித்த அதே சொல், பீரங்கி வண்டிக்கும் பெயராய் நிலைத்துப்போயிற்று.

இச்சீமையின் ஏரிகளில் உலகமே அறிந்தது வேடந்தாங்கல். தாங்கல் என்றால் மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. அங்கே நீரில் நிற்கும் மரங்களில் வந்து கூடுகட்டும் பறவைகளின் எச்சம் ஜலத்தில் கரைந்து, தழைச்சத்தும் மணிச்சத்துமாக வயலில் பாய்கிறது. இதை ரசாயன சாஸ்திரம் சொல்லிக்கொடுத்து அவ்வூரார் தெரிந்துகொள்ளவில்லை. விளைச்சலைக் கண்டே தெரிந்துகொண்டார்கள். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உரிமைப் பத்திரமும் பெற்றார்கள். 2022-ல் அவ்வேரி சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பழவந்தாங்கலில் ரயில் இறங்குபவரும் ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறுபவரும் ஏரியின் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள். ரெட்டேரி என்பது இரட்டை ஏரி. தியாகராய நகர், மாம்பலத்து நீண்ட ஏரியின் படுகையில் 1920-களில் எழுந்த பேட்டை. வள்ளுவர் கோட்டம் நிற்குமிடம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். ஏரி போனாலும் பெயர் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. பெரு மழை பெய்யும்போது ஜலம் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு அந்தத் தெருக்களுக்கே வருகிறது.

மதகைத் திறந்து மூடி, வயல்வயலாக முறைவைத்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டிகள் இன்னும் பல கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் வயோதிகர்கள். கலிங்கின் எந்தக் கல் வரை ஜலம் ஏறினால் எத்தனை நாள் பாய்ச்சலுக்கு வரும் என்ற கணக்கை வாயால் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள். இக்கட்டுரையைப் படிப்பவர் யாருக்கேனும் சொந்த ஊரில் ஓர் ஏரி இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பெரியவரோடு ஒரு மாலைப்பொழுது கரையில் நடந்து, அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் அதன் காரியத்தோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.