எட்டாவது வரிசைக்காரனுக்கு என்ன வேலை?

பண்டைய கிரேக்கக் காலாள் வீரனின் ஈட்டி ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம். முதல் வரிசைக்காரன் நேராகக் குத்தலாம். இரண்டாமவன் அவன் தோளுக்கு மேலே எட்டிக் குத்தலாம். அதோடு சரி. ஆனால், ஃபாலங்ஸ் என்ற அந்த நெருக்கமான படை அணி கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் எட்டு வரிசை ஆழத்தில் நின்றது. மிச்சம் ஆறு பேர் சும்மா நிற்கவா வந்தார்கள்?

முதல் வேலை, இட்டு நிரப்புவது. ஒவ்வொருவனின் வட்டக் கேடயமும், விட்டம் சுமார் 90 செ.மீ., இடப்பக்கத்து ஆளின் வலப்பாதியையும் சேர்த்தே காத்தது. ஒருவன் சாய்ந்தால் பக்கத்தில் நிற்பவனும் திறந்த மார்போடு நிற்க வேண்டியதுதான். பின்னால் நிற்பவன் சட்டென்று ஓர் அடி முன்வைத்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

கடைசி வரிசைக்காரனின் வேலை இன்னும் நுட்பமானது. நடுவில் நிற்பவனுக்கு உதறல் எடுத்தாலும் ஓட வழி விடாமல் நிற்பவன் அவன்தான். அதனால் தேர்ந்த வீரர்களை முன்னும் பின்னும் நிறுத்து, தேறாதவர்களை நடுவில் வை என்பது கணக்கு. கிரேக்க எழுத்தாளர் செனபோனின் நூல் ஒன்றில் சாக்ரடீஸும் ஓர் இளைஞனும் இதைப் பேசிக்கொள்கிறார்கள். வீடு கட்டும்போது மக்காத கல்லை அடியிலும் ஓடுகளை மேலேயும் வைத்து, மரத்தையும் செங்கல்லையும் இடையில் வைப்பதில்லையா, அதைப் போல!

பின்வரிசைகள் கேடயத்தால் முன்னவன் முதுகை நிஜமாகவே நெட்டித் தள்ளினவா என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. எனக்கென்னவோ, எதிரியின் முதுகெலும்பைவிட அவன் மனத்தைத்தான் அந்த ஆழம் அதிகம் அழுத்தியிருக்கும் என்று படுகிறது.

ஆழத்துக்கு விலை உண்டு. 1,200 பேரை எட்டு வரிசையாக நிறுத்தினால் முகப்பில் 150 பேர். ஐம்பது வரிசையாக நிறுத்தினால் வெறும் 24 பேர். எதிரி பக்கவாட்டில் சுற்றி வளைக்க அது போதும். கி.மு. 371இல் லியூக்ட்ராவில் தீப்ஸ் தளபதி எபமினொண்டாஸ் துணிந்து இடப்பக்கத்தில் ஐம்பது வரிசைகளைக் குவித்தார். எதிரே ஸ்பார்ட்டாவின் ஆழம் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. அன்று ஸ்பார்ட்டாவின் அரசர் கிளியோம்புரோட்டஸே களத்தில் வீழ்ந்தார்.

மாசிடோனியர்கள் ஈட்டியையே நீட்டிவிட்டார்கள். சாரிஸ்ஸா எனப்பட்ட அதன் நீளம் ஆறு மீட்டருக்கும் மேல் என்கிறது வரலாற்று ஆசிரியர் பாலிபியஸ் தரும் அளவு. முதல் ஐந்து வரிசைகளின் முனைகளும் அணிக்கு வெளியே நீண்டன. எதிரில் வரும் ஒவ்வொருவனையும் நோக்கிப் பல முனைகள். ஆறாம் வரிசை முதல் பதினாறாம் வரிசை வரை ஈட்டிகளைச் சாய்வாக மேலே தூக்கிப் பிடித்தார்கள். பறந்து வரும் அம்புகளும் எறி ஈட்டிகளும் அந்தக் கம்புக் காட்டில் பட்டு வேகம் இழந்தன.

இந்த ஏற்பாடு முழுவதும் முன்னோக்கி மட்டுமே வேலை செய்தது. கி.மு. 197இல் ரோமானியர்களோடு கைனோஸ்கெஃபலேயில் நடந்த போரில் ரோமானிய அதிகாரி ஒருவர் இருபது சிறு பிரிவுகளைப் பிரித்துக்கொண்டு மாசிடோனிய அணியின் முதுகுப்பக்கம் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு நீளக் கம்போடு அந்த நெருக்கத்தில் ஒருவனாலும் திரும்ப முடியவில்லை.