நீலத் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி

கைப்பேசியில் ‘வைகை’ என்று தேடுகிறீர்கள். மதுரைக்காரருக்கு அது ஆறு. சென்னைக்குப் போக வேண்டியவருக்கு ரயில். ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரருக்கு அணை. எதைத் தொடுவது என்பதைத் தலைப்பை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. நீல நிறத் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒன்றிரண்டு வரி வருகிறதே, கண் அங்கேதான் போகிறது. வணிகத் தளம் என்றால் அந்த வரியை எழுதச் சம்பளத்துக்கு ஆள் இருப்பார். விக்கிப்பீடியா மாதிரி ஊர்கூடித் தேர் இழுக்கிற தளத்தில் அதை எழுதுவது யார்?

பழைய கதையிலிருந்து வரலாம். ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் வாசகர் கண்ணில் படாத ஒரு தலைப்பகுதி உண்டு. ‘இந்தப் பக்கம் எதைப் பற்றியது’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் ‘மெட்டா’ விவரக்குறிப்பு அங்கே இருக்கும். 1995இல் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் அதை அப்படியே நம்பின. நம்பியதும் ஆட்கள் அதில் கண்ட சொற்களையெல்லாம் திணித்தார்கள். 2009இல் கூகுள் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: வரிசைப்படுத்த அந்த விவரக்குறிப்பை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை, சில சமயம் முடிவுப் பட்டியலில் காட்டுவதோடு சரி. இன்றும் அதில் சொற்களை அடைத்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

தளத்தின் சொந்தக்காரரை விட்டுவிட்டு, தன்னார்வலர்கள் எழுதிய விவரத்தைக் கூகுள் காட்டிய காலமும் ஒன்று இருந்தது. 1998இல் தொடங்கி, அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கைக்குப் போன ‘டிமாஸ்’ என்ற இணைய அடைவில், தொகுப்பாளர்கள் ஒவ்வொரு தளத்தையும் திறந்து பார்த்து ஓரிரு வரியில் விவரம் எழுதினார்கள். ‘சிறந்த’, ‘முன்னணி’ போன்ற விளம்பரச் சொற்களுக்கு அங்கே இடம் கிடையாது. தன் கடையைப் பற்றி எவரோ எழுதிய வறட்டு வரி பிடிக்காத சொந்தக்காரர்கள், ‘அதைக் காட்டாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லத் தனியாக ஒரு குறிச்சொல்லே உருவாயிற்று. 2017 மார்ச்சில் டிமாஸ் மூடப்பட்டது.

இப்போது விக்கிப்பீடியா. கட்டுரையைத் தொகுப்பவர் முன்னால் ‘தேடுபொறிக்கான விவரம்’ என்று ஒரு பெட்டி இருக்காது. வாசகர் தேடிய சொல்லைப் பொறுத்துத் தேடுபொறியே கட்டுரையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்கிறது. பொதுவாகத் தேடினால் பெரும்பாலும் முதல் வாக்கியம் மாட்டும். ஆக, முதல் வாக்கியத்தை எழுதுபவர்தான், தெரிந்தோ தெரியாமலோ, தேடுபொறி விவரத்தையும் எழுதுகிறார்.

தமிழுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வாக்கியத்தில் அடைமொழிகள் முன்னே அணிவகுத்துப் போக, ‘அது என்ன’ என்று சொல்லும் பெயர் கடைசியில்தான் வந்து சேரும். “நீலகிரி வரையாடு என்பது தென்னிந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளிலும் செங்குத்தான பாறைச் சரிவுகளிலும் கூட்டங்கூட்டமாக வாழும்…” என்று போய்க்கொண்டிருக்கும்போதே தேடுபொறி கத்தரித்துவிடும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் அறிவியல் பெயர், ஆங்கிலப் பெயர், வேறு பெயர்கள் என்று நிரப்பியிருந்தால் அந்த அளவுகூடத் தேறாது. “நீலகிரி வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் வாழ்கிறது” என்று உடைத்து எழுதினால் எங்கே வெட்டினாலும் சேதாரம் குறைவு. ‘என்பது… ஆகும்’ என்ற சட்டகத்தின் மேல் நம் கலைக்களஞ்சிய நடைக்கு இருக்கும் பிடிப்பு எனக்குப் புரிந்ததே இல்லை.

எவ்வளவு நீளம் தாங்கும்? ஆங்கிலத்தில் ஏறக்குறைய 160 எழுத்துகள் என்பார்கள். 2017 டிசம்பரில் கூகுள் அதை 320 வரைக்கும் நீட்டியது. அடுத்த மே மாதமே பழையபடி சுருக்கிக்கொண்டது. உண்மையில் வெட்டு விழுவது எழுத்தை எண்ணி அல்ல, திரையில் அடைக்கும் அகலத்தைப் பார்த்து. நம் ‘ணை’யும் ‘ளௌ’வும் அடைக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணிப் பார்க்கலாம் என்றாலும் கணக்கு உதைக்கிறது. ‘விக்கிப்பீடியா’ நமக்கு ஏழு எழுத்து; யூனிகோடுக்கு 14 குறியீடு; சேமிக்கும்போது 42 பைட்டு. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் கட்டுரைத் தலைப்பு 255 பைட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு ஆங்கிலக்காரர்களைவிடத் தமிழர்களைச் சீக்கிரமே இடிப்பது இதனால்தான்.

முதல் வாக்கியத்துக்கு வெளியே இன்னொரு வரியும் உண்டு. விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமாக 2012இல் தொடங்கிய விக்கித்தரவில் ஒவ்வொரு பொருளுக்கும் மொழிவாரியாக ஒரு குறு விளக்கம் எழுதலாம். விக்கிப்பீடியா செயலியில் தேடும்போது பெயருக்கு அடியில் தெரிவது பெரும்பாலும் அதுதான். ஒரே பெயரும் ஒரே விளக்கமும் கொண்ட இரண்டு பொருள்களை ஒரு மொழிக்குள் விக்கித்தரவு அனுமதிக்காது. நம் வைகைகளுக்கு வேண்டியதும் இதுதானே: ‘தமிழ்நாட்டில் பாயும் ஆறு’, ‘சென்னை–மதுரை விரைவு ரயில்’.

ஆங்கில விக்கிப்பீடியர்களுக்கு இந்த ஏற்பாடு உவக்கவில்லை. யாரோ விக்கித்தரவில் விசமமாக ஒரு சொல்லை மாற்றினால், கட்டுரையைக் காவல்காக்கும் தங்களுக்கு அது கண்ணில் படாமலே போகிறது என்பது அவர்கள் புகார். நியாயமான புகார். 2018 முதல் கட்டுரைக்குள்ளேயே வார்ப்புருவாக விளக்கத்தை எழுதத் தொடங்கினார்கள். சுமார் 40 எழுத்துக்குள் அடக்குவது அவர்கள் வழக்கம். கட்டுரைக்குள் இருந்தாலும் முழுக் காப்பு இல்லைதான். அதே 2018 மே மாத இறுதியில் கலிபோர்னியா குடியரசுக் கட்சியின் கொள்கை ‘நாசிசம்’ என்று கூகுள் பக்கத்தில் தெரிந்தது. விக்கிப்பீடியா கட்டுரையில் ஒருவர் செய்த விசமத் தொகுப்பு நீக்கப்பட்ட பிறகும் தேடுபொறியில் தங்கியிருந்தது.

இத்தனை சின்ன வரியில் ‘ஆனாலும்’ சொல்ல இடமில்லை. அதனால்தான் சண்டை. ஒருவரின் ஊர், இனம், அவர் போராளியா குற்றவாளியா என்று உரையாடல் பக்கங்கள் நீண்டுகொண்டே போகும். தமிழில் இதோடு மேடைப் பழக்கமும் சேர்ந்துகொள்ளும். இளையராஜாவுக்கு ‘திரைப்பட இசையமைப்பாளர்’ என்று எழுதினால் போதாதா? போதாது என்று நினைக்கும் ஒருவர் ‘இசைஞானி’யைச் சேர்க்காமல் விடமாட்டார். அவர்மேல் எனக்கும் பிரியம் உண்டு. இருந்தாலும் அந்தச் சொல்லை நீக்குவேன். அவரைத் தெரியாத ஒருவருக்கு ‘ஞானி’ எதையும் அடையாளம் காட்டாது. ‘தற்போதைய’ என்ற சொல்லையும் அண்டவிடக்கூடாது. தேர்தல் முடிந்து சட்டமன்ற உறுப்பினர் மாறியிருப்பார், எழுதியவர் மறந்திருப்பார், வரி மட்டும் அப்படியே நிற்கும்.

உங்கள் ஊர்ப் பெயரை விக்கிப்பீடியாவில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அடியில் தமிழ் விளக்கம் வெறுமையாக இருந்தால் விக்கித்தரவில் ‘தொகு’ என்பதை அழுத்தி, எந்த மாவட்டத்துச் சிற்றூர் என்று நாலைந்து சொல்லில் எழுதிவிட்டு வாருங்கள். ‘எழில் கொஞ்சும்’ மட்டும் வேண்டாம்.