தண்ணீர் போகும், உப்பு தங்கும்

சித்திரை வெயிலில் கலவை, ஆற்காடு பக்கம் மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் கண்ணாடியின் உட்புறம் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். சில நாள் முன்பு நீர்மட்டம் நின்ற இடம் அது. தண்ணீர் ஆவியாகி இறங்க இறங்க, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உப்பும் கண்ணாடியில் பூத்துவிடுகின்றன. குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரை ஊற்றிவிட்டால் பழைய நிலை திரும்பிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். மட்டம் திரும்பும், தண்ணீரின் தன்மை திரும்பாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 30 செ.மீ. உயரத்துக்கு நிரப்பினால் 54 லிட்டர். மூடியில்லாமல், மின்விசிறிக் காற்றும் படும்போது ஒரு நாளில் 5 மி.மீ. இறங்கினால் போனது 900 மி.லி. ஊற்றுகிற போர் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மி.கி. உப்பு இருந்தால், முப்பது நாளில் 27 கிராம் உப்பு புதிதாகச் சேர்கிறது. அதாவது, லிட்டருக்கு 500 மி.கி. கூடுதல். தண்ணீரை மாற்றாமலே விட்டால், 1,000-இல் தொடங்கிய தொட்டி இரண்டு மாதத்தில் 2,000-ஐத் தொடும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு அது.

உப்பு தங்கிவிடும் என்பதைப் பாலாற்றுப் பகுதி மிகப் பெரிய அளவில் பட்டு அறிந்திருக்கிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்த தோல் ஆலைக் கழிவுநீர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. இன்று இந்தப் பகுதியின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் செலுத்திப் பிரித்து, மிஞ்சும் அடர்நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். தண்ணீர் மறுபடி ஆலைக்குப் போகிறது. உப்பு குவியலாக நிற்கிறது. வரவேற்பறையில் இருக்கும் மீன் தொட்டியும் சிறிய அளவில், மெதுவாக, அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே ஆவியான தண்ணீருக்கு ஈடாகச் சேர்க்க வேண்டியது உப்பில்லாத தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் போதும். அதில் தாதுக்கள் குறைவு என்று அஞ்ச வேண்டாம், மீனுக்கு வேண்டிய தாதுக்கள் தொட்டியை விட்டுப் போகவே இல்லை. கடல்மீன் தொட்டியிலும் இதே விதிதான்: லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள நீர் வற்றும்போது சேர்ப்பது நன்னீராகத்தான் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட் ஆவியாகாது. வாராவாரம் பழைய தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புதிது விடும் வேலையை எந்தக் கருவியும் மிச்சப்படுத்தாது.

ஆவியானதை ஈடுசெய்யும் நிரப்பலைத் தானாகச் செய்ய மிக எளிய வழி, கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த குடுவை. வாய்ப்பகுதி நீர்மட்டத்தில் இருக்கும். மட்டம் இறங்கினால் காற்று உள்ளே போகும், அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும். மின்சாரம் வேண்டாம். ஆனால் குடுவையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் முழுத் தண்ணீரும் கொட்டிவிடும்.

அடுத்தது ஏர் கூலரிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் இருக்கும் மிதவை வால்வு. உயரத்தில் ஒரு வாளி, அதிலிருந்து குழாய், முனையில் மிதவை. உப்புப் படிந்தாலோ நத்தை ஏறி உட்கார்ந்தாலோ மிதவை சிக்கிக்கொள்ளும். மூன்றாவது, மின்சார வகை. மிதவைக்குள் இருக்கும் காந்தம் இறங்கும்போது சுவிட்ச் மூடி, 12 வோல்ட் பம்பு ஓடும். விலை கூடியவற்றில் அகச்சிவப்பு உணரி இருக்கும்: அதன் பட்டக முனை காற்றில் இருந்தால் ஒளி உள்ளேயே திரும்பும், தண்ணீரில் மூழ்கினால் வெளியே கசிந்துவிடும், அந்த வேறுபாட்டை வைத்தே மட்டத்தை அறிகிறது. ஜெர்மனியின் டுன்ஸே நிறுவனத்தின் ஆஸ்மோலேட்டரில் இந்த உணரிக்குக் காவலாக மேலே ஒரு மிதவை சுவிட்சும் உண்டு. பம்பு பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடினால் தானே நிறுத்திக்கொண்டு ஒலி எழுப்பும்.

எந்த உணரியும் ஒரு நாள் ஏமாற்றும். அதனால் என் கருத்தில் மிக முக்கியமான பாதுகாப்பு, சேமிப்பு வாளியின் அளவு. மேலே சொன்ன தொட்டியில் விளிம்புக்குக் கீழே 4 செ.மீ. காலி இருந்தால் அங்கே 7.2 லிட்டர் கொள்ளும். வாளி 5 லிட்டர் என்றால், பம்பு நிற்காமல் ஓடினாலும் தரை நனையாது. வீட்டுக் குழாயோடு நேரே இணைப்பது கூடவே கூடாது. அந்தத் தண்ணீருக்கு முடிவே இல்லை, குளோரினும் சேர்ந்து வரும்.

பம்பு வைப்பவர்கள் வாளியைத் தொட்டியைவிடத் தாழ்வாக வைத்து, குழாயின் முனையை நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். வாளி உயரத்தில் இருந்தால் பம்பு நின்ற பிறகும் தண்ணீர் உறிஞ்சு குழாய்போல வழிந்துகொண்டே இருக்கும்; முனை நீருக்குள் மூழ்கியிருந்தால் தொட்டித் தண்ணீர் திரும்ப வாளிக்கு வந்துவிடும். மின்கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறட்டும். கம்பி வழியே இறங்கும் துளி அந்த வளைவில் சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், தொட்டி வைப்பதற்கு முன்பே அதைப் பொருத்திவிடுங்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பும் அன்று நிரப்பும் கருவியை மாட்டிவிட்டுப் போகக் கூடாது. ஒரு வாரம் முன்பே ஓடவிட்டு, மிதவையைக் கையால் தூக்கினால் பம்பு உடனே நிற்கிறதா, வாளி எத்தனை நாளில் காலியாகிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் நாள் தங்குவதென்றால் பெரிய வாளி வைக்க வேண்டாம். வாளியை நிரப்பிவிட்டுப் போகப் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.