பாதி அளவு துத்தநாகம் போதுமா?

நெல் நடவுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடும்படி சொல்கிறோம். அதே வயலில் 6.25 டன் பசுந்தாள் உரம் மடக்கி உழுதிருந்தால் 12.5 கிலோ போதும் என்றும் சொல்கிறோம். பாதியாகக் குறைத்தால் பயிர் கெட்டுவிடாதா என்ற ஐயம் உங்களுக்கு எழலாம்.

நட்ட சில வாரங்களில் அடி இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். வட நாட்டில் 'கைரா' எனப்படும் இந்நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று 1966-ல் பந்த்நகரில் நெனே என்ற அறிஞர் கண்டறிந்தார். பல வயல்களில் மண்ணில் துத்தநாகம் இருந்தும் அது பயிருக்குக் கிட்டுவதில்லை. மண்ணின் கார அமில நிலை எண் ஒன்று கூடினால், மண் நீரில் தனித்துக் கரைந்திருக்கும் துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகிவிடும். சுண்ணாம்பு நிலத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கி இட்ட உரமும் இப்படித்தான் முடங்குகிறது.

இங்கே மட்கு கைகொடுக்கிறது. மட்கைக் கட்டுத்தறிகள் நிறைந்த மாட்டுத் தொழுவமாக எண்ணிக்கொள்ளுங்கள். அமில மண்ணில் தறிகளை ஹைட்ரஜன் அயனிகள் பிடித்திருக்கும். காரம் ஏற ஏற அவை விலகி, உலோகங்களுக்கு இடம் விடும். பெரும்பாலான தறிகளில் பிடி தளர்வு, சிலவற்றில்தான் இறுக்கம். தாமிரம் துத்தநாகத்தைவிட இறுகப் பிணையும் (கரிமப் பொருள் மிகுந்த சதுப்பு மண்களில் தாமிரக் குறை தோன்றுவது இதனால்தான்). கால்சியத்தின் பிடி வலுவற்றது. ஆனால் அது ஏராளமாக இருப்பதால் பல தறிகளைப் பிடித்துக்கொள்ளும்.

எத்தனை தறிகள், எந்த உலோகத்துக்கு எவ்வளவு பிடி, போட்டிக்கு எவையெவை என்பதையெல்லாம் எண்களாக்கிக் கணினியில் கணக்கிடுகிறார்கள். இத்தகைய கணக்கு முறை ஒன்றை இங்கிலாந்தின் எட்வர்ட் டிப்பிங் 1994-ல் வெளியிட்டார். மண்ணில் சேரும் துத்தநாகத்தில் முதலில் வரும் சிறு பகுதியை இறுக்கமான தறிகள் பிடித்துக்கொள்ளும், மீதி தளர்வான தறிகளில் நிற்கும் என்று கணக்கு காட்டுகிறது. நீரில் கரையும் மட்குடன் இணைந்த துத்தநாகம் சுண்ணாம்பில் முடங்காமல் வேர் வரை செல்லும். வேர் உறிஞ்ச உறிஞ்ச, தளர்ந்த பிடியிலிருந்து அது விடுபட்டுவரும். பாதி அளவு போதுமென்பது இதனால்தான்.

ஆனால் இது மட்கிய பொருளுக்குரிய கணக்கு. மட்காத வைக்கோலை நீர் நிற்கும் வயலில் மிதித்துவிட்டு உடனே நட்டால், பைகார்பனேட் பெருகித் துத்தநாகக் குறை கூடவும் செய்யும். ஆகவே, தழையை மடக்கி உழுது நன்கு மட்க விடுங்கள். பிறகு 12.5 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, நடவுக்குச் சற்று முன் வயலில் சீராகத் தூவுங்கள். டி.ஏ.பி. போன்ற மணிச்சத்து உரங்களுடன் அதைக் கலக்க வேண்டாம்.